அனர்த்த வேளையில் எங்கள் பிள்ளைகள்

(நூற்றாண்டு விழாவின் இரண்டாம் நாள் கருத்தரங்கில், ஒரே வகுப்பைச் சேர்ந்த பழைய மாணவிகள் மூவர் சார்பில் நிகழ்த்தப்பட்ட உரை)



மேடையில் நிற்பது ஒருத்தி, பேசுவது மூவர். ஒரே வகுப்பில் ஒரே வாங்கில் இருந்தவர்கள் நாங்கள். வகுப்புக்கு வெளியே அனுப்பப்பட்டதும் பெரும்பாலும் ஒன்றாகத்தான். ஒருத்தி சிறுபிள்ளை வைத்தியர், ஒருத்தி தாதி, ஒருத்தி குடும்பநல மாது. மூவரும் இப்போது ஓய்வு பெற்றுவிட்டோம். இந்த உரையைச் சேர்ந்தே எழுதினோம். நீளம் கூடிய பகுதிகள் வைத்தியருடையவை என்பது மற்ற இருவரின் அபிப்பிராயம்.

1978 நவம்பர் 23 இரவு சூறாவளி கிழக்குக் கரையில் ஏறியபோது நாங்கள் எட்டாம் வகுப்பு. மறுநாள் விடிந்தபோது எங்கள் வீடுகளுக்குக் கூரை இல்லை. எஞ்சி நின்ற கட்டடங்களில் இந்தப் பாடசாலையும் ஒன்று என்பதால் ஊர்ச்சனம் முழுவதும் இங்கே வந்து சேர்ந்தது. எங்கள் அம்மாமார் இந்த மண்டபத்தின் பின்புறம் அடுப்பு மூட்டிக் கஞ்சி காய்ச்சினார்கள். பிறகு இடப்பெயர்வுகள் வந்தன. 2004 இல் கடல் வந்தது. 2011 ஜனவரியில் வெள்ளம் வந்தது. ஒவ்வொரு தடவையும் சனம் தேடி வந்தது இந்தப் படலையைத்தான். நூறு வருடம் இது பாடசாலையாக இருந்தது என்று மலரில் எழுதியிருக்கிறோம். இடையிடையே இது முகாமாகவும் வைத்தியசாலையாகவும் இருந்தது என்பதையும் எங்காவது ஒரு மூலையில் எழுதவேண்டும். ஏனென்றால் இன்னும் ஒரு தடவை அப்படி ஆகும். அந்த நாளில் இங்கே வந்து சேரும் பிள்ளைகளுக்கு நாம் என்ன வைத்திருக்கிறோம் என்பதுதான் இன்று நாங்கள் பேச வந்த விடயம்.

அதற்கு முன் எங்கள் கையால் நடந்த ஒரு பிழையைச் சொல்லவேண்டும். இதை இதுவரை எந்த மேடையிலும் நாங்கள் சொன்னதில்லை.

2004 டிசம்பர் 26 ஒரு ஞாயிற்றுக்கிழமை, போயா விடுமுறை. காலை ஏழு மணிக்குச் சற்று முன்னர் சுமாத்திராவுக்கு அப்பால் கடலடி அதிர்ந்தது. எங்கள் கரைக்கு அலை வந்தபோது ஏறத்தாழ ஒன்பது மணி. இடையில் இருந்த அந்த இரண்டு மணித்தியாலத்தில் எங்களுக்கு ஒருவரும் ஒன்றும் சொல்லவில்லை. சொல்வதற்கு அந்நாளில் இந்து சமுத்திரத்தில் ஓர் ஏற்பாடும் இருக்கவில்லை. பத்து மணிக்குள் உழவு இயந்திரப் பெட்டிகளிலும் லொறிகளிலும் ஆட்களைக் கொண்டுவரத் தொடங்கிவிட்டார்கள். எங்களில் இருவர் அன்று ஒரே வைத்தியசாலையில் நின்றோம். மற்றவள் பாடசாலை ஒன்றில் குவிந்த சனத்தோடு நின்றாள்.

மத்தியானமளவில் நான்கு வயது மதிக்கத்தக்க ஓர் ஆண் பிள்ளையைக் கொண்டுவந்தார்கள். தொடையில் தகரம் வெட்டிய காயம். பெயரென்ன என்று கேட்டோம். “தம்பி” என்றான். அம்மா பெயர்? “அம்மா.” வீடு எங்கே? “கோயிலுக்குப் பக்கத்தில.” எங்கள் கரையில் கோயில் இல்லாத தெரு ஏது? சத்திரசிகிச்சைக்கு இடமில்லாததால் காயத்தைக் கட்டி, உள்ளூருக்குப் புறப்பட்ட ஒரு லொறியில் அவனை ஏற்றினோம். அன்று பின்னேரம் மூன்று வாகனங்கள் மூன்று ஊர்களுக்குப் போயின. எங்கள் பதிவில் இருந்தது ஒரே வரி: ஆண் பிள்ளை, வயது 4, இடமாற்றம்.

இருட்டும் நேரத்தில் தாய் வந்தாள். பிள்ளையின் முழுப்பெயரையும் பிறந்த திகதியையும் இடுப்பிலிருந்த மச்சத்தையும் சொன்னாள். அவன்தான் என்று எங்களுக்குத் தெரிந்துவிட்டது. எந்த வாகனத்தில் போனான் என்பது தெரியவில்லை. அவள் ஒன்பது நாள் அலைந்தாள். இரண்டாம் நாளே சரியான வைத்தியசாலைக்குப் போயிருக்கிறாள். பெயரைச் சொல்லிக் கேட்டபோது அப்படி ஒருவர் இல்லை என்று சொல்லியிருக்கிறார்கள். அவர்கள் பொய் சொல்லவில்லை. பேசாமல் கிடந்த பிள்ளைக்கு அந்த விடுதியில் யாரோ அன்பாக வேறொரு பெயர் வைத்துவிட்டார்கள். கட்டிலில் அந்தப் பெயரே எழுதியிருந்தது. தாய் ஒரு கதவுக்கு இப்பாலும் பிள்ளை அப்பாலும் இருந்து, அவள் திரும்பிப் போனாள்.

ஒன்பதாம் நாள் கண்டுபிடித்துவிட்டாள் என்பதால்தான் இந்தக் கதையை எங்களால் சொல்ல முடிகிறது. அன்று எங்கள் இருவரின் சட்டைப் பையிலும் பேனா இருந்தது. காயத்துக்குப் போட்ட பிளாஸ்ரரில் இன்னும் ஓர் அங்குலம் வெட்டி, எந்த ஊரில் எத்தனை மணிக்குக் கண்டெடுத்த பிள்ளை, எங்கிருந்து எங்கே போகிறது என்று எழுதி அவன் கையில் சுற்றியிருந்தால் போதும். மருந்து தட்டுப்பாடு, ஆள் தட்டுப்பாடு என்று நாங்கள் பல வருடம் சொல்லிக்கொண்டிருந்தோம். இந்தப் பிழைக்கு அவை காரணமல்ல.

கல்முனையில் அன்று 81 ஆவது ஆளாகப் பதியப்பட்ட கைக்குழந்தையின் கதையை உலகமே வாசித்தது. ஒன்பது குடும்பங்கள் உரிமை கோரியதாகச் செய்திகள் பறந்தன. உண்மையில் நீதிமன்றத்தில் பிள்ளையைக் கேட்டு நின்றது ஒரே தம்பதிதான். மரபணுப் பரிசோதனை முடிந்து, தங்கள் சொந்தப் பிள்ளை தங்கள் கைக்கு வர 2005 பெப்ரவரி நடுப்பகுதி வரை அவர்கள் காத்திருந்தார்கள். ஒரு பிள்ளைக்கு மரபணுப் பரிசோதனை செய்யலாம். ஆயிரம் பிள்ளைக்கு?

இனி எங்கள் வைத்தியர் கேட்கச் சொன்ன ஒரு கேள்வி. உங்கள் பேரப்பிள்ளையின் எடை என்ன? பிறந்தபோது இருந்த எடை எல்லோருக்கும் தெரியும். இன்றைய எடை எத்தனை பேருக்குத் தெரியும்?

பெரியவருக்கு மருந்து கொடுக்கும்போது ஒரு குளிசை, இரண்டு குளிசை என்று கொடுத்துவிடலாம். பிள்ளைக்குக் கிலோக் கணக்கு. காய்ச்சலுக்குக் கொடுக்கும் பரசிற்றமோல்கூட ஒரு கிலோ எடைக்கு ஒரு தடவைக்கு 15 மில்லிகிராம். பத்துக் கிலோப் பிள்ளைக்கு 150. இருபது கிலோப் பிள்ளைக்கு 300. வயிற்றோட்டத்தில் நீர் வற்றிய பிள்ளைக்கு முதல் நான்கு மணித்தியாலத்தில் கிலோவுக்கு 75 மில்லிலீற்றர் ஜீவனி கொடுக்கவேண்டும். பத்துக் கிலோவுக்கு முக்கால் லீற்றர். எடை தெரியாவிட்டால் வயதோடு நான்கைக் கூட்டி இரண்டால் பெருக்கு என்று எங்களுக்குப் படிப்பித்தார்கள். ஆறு வயதுக்கு இருபது கிலோ. முகாமில் இருந்த எங்கள் ஆறு வயதுப் பிள்ளைகள் பலர் பதினைந்து கிலோவும் இல்லை. மதிப்பிட்டுக் கொடுத்தோம். கை நடுங்கிக்கொண்டுதான் கொடுத்தோம்.

பிள்ளை என்பது சின்ன உருவத்தில் இருக்கும் பெரிய ஆள் அல்ல. ஒரு கிலோ எடைக்கு ஏறத்தாழ 80 மில்லிலீற்றர் இரத்தம். பத்துக் கிலோப் பிள்ளையின் உடம்பில் மொத்தமே ஒரு லீற்றருக்கும் குறைவு. ஒரு தேநீர்க் கோப்பை அளவு வெளியே போனால் கால்வாசி போயிற்று. தோல் பரப்பு எடைக்கு மிஞ்சியது என்பதால் நனைந்த உடுப்போடு கிடந்தால் நமது வெயில் நாட்டிலும் குளிர்ந்துபோகும். நிமிடத்துக்கு முப்பது தடவைக்கு மேல் மூச்சு விடும் பெரியவரைப் பார்த்தால் அவசரம் என்று ஒதுக்குவோம். இரண்டு வயதுப் பிள்ளைக்கு முப்பது சாதாரணம். பெரியவர்களுக்கான அளவுகோலை வைத்துக்கொண்டு வரிசைப்படுத்தினால் பிள்ளைகள் தவறான வரிசையில் போய்விடுவார்கள் என்பதைக் கண்டுதான், 1995 இல் லூ ரோமிக் என்ற அமெரிக்கச் சிறுபிள்ளை வைத்தியர் பிள்ளைகளுக்கென்று தனி முறை ஒன்றை வகுத்தார். அதில் எங்களுக்கு மிகவும் பிடித்த இடம் ஒன்று உண்டு. வாயைத் திறந்து வழிசெய்தும் மூச்சு விடாத பெரியவரை அந்தக் கூட்டத்தில் விட்டுவிட்டு அடுத்தவரிடம் போகச் சொல்வார்கள். நாடி துடிக்கும் பிள்ளையென்றால் போகாதே, ஐந்து மூச்சு ஊதிப் பார் என்கிறது இந்த முறை. பிள்ளைகளில் பெரும்பாலும் மூச்சுத்தான் முதலில் நிற்கும், இதயம் பிறகு.

இது நீரில் மூழ்கிய பிள்ளைக்கு இன்னும் பொருந்தும். அன்று கரையில் நாங்கள் கண்ட காட்சி, பிள்ளையைக் காலில் பிடித்துத் தலைகீழாகத் தூக்கி உலுப்புவது, வயிற்றை அமத்தித் தண்ணீர் எடுப்பது. எல்லாம் அன்பில் செய்தவைதான். தயவுசெய்து செய்யாதீர்கள். நேரம் போகும், வயிற்றில் உள்ளது நுரையீரலுக்குப் போகும். நிமிர்த்திப் படுக்கவைத்து, நாடியை மெல்ல உயர்த்தி, ஐந்து தடவை ஊதுங்கள். மூச்சு வராவிட்டால் நெஞ்சை அமத்தத் தொடங்குங்கள். பிழைத்து எழுந்து பாணும் பிளேன்ரீயும் கேட்கும் பிள்ளையையும் அன்றைய நாள் முழுக்கக் கண்பார்வையில் வைத்திருங்கள். உப்புநீரும் சேறும் போன நெஞ்சு சில மணித்தியாலம் கழித்தும் முட்டத் தொடங்கலாம்.

முகாமில் நின்ற குடும்பநல மாதின் பகுதிக்கு வருகிறோம். மூன்றாம் நாளிலிருந்து பால்மா வரத் தொடங்கியது. லொறி லொறியாக வந்தது. அனுப்பியவர்களில் இந்தச் சபையில் இருப்பவர்களும் இருக்கலாம். நல்ல மனதோடுதான் அனுப்பினீர்கள். ஆனால் சுத்தமான தண்ணீர் இல்லை, போத்தல் அவிக்க விறகில்லை. அதிர்ச்சியில் பால் வற்றிவிட்டது என்று அழுத தாய்மாரின் கையில் மாப் பெட்டியைக் கொடுத்தால் அதோடு தாய்ப்பால் நின்றுவிடும். அதிர்ச்சியால் பால் இறங்குவது சற்றுத் தாமதிக்கும். பிள்ளை சூப்பச் சூப்பத் திரும்பி வரும். அதற்கு வேண்டியது ஒரு மறைப்பு, ஒரு வாங்கு, தாய்க்குச் சாப்பாடு, பக்கத்தில் அனுபவமுள்ள ஒரு பெண். 2006 இல் இந்தோனேசியாவின் யோக்யகார்த்தாவில் நிலநடுக்கம் வந்த பிறகு செய்த ஆய்வில், நன்கொடைப் பால்மா கிடைத்த சிறு குழந்தைகளுக்குக் கிடைக்காதவர்களைவிட இரண்டு மடங்குக்கும் மேலாக வயிற்றோட்டம் கண்டது தெரியவந்தது. தாயை இழந்த குழந்தைக்கு மா வேண்டும்தான். அதைக் கோப்பையால் பருக்குங்கள், போத்தல் வேண்டாம்.

பெருமையாகச் சொல்லக்கூடிய ஒன்றும் உண்டு. அத்தனை முகாம் இருந்தும் எங்கள் நாட்டில் பெரிய தொற்றுநோய் ஒன்றும் பரவவில்லை. ஊசி போட்ட பிள்ளைகள் அவர்கள். மழையிலும் வெயிலிலும் வீடு வீடாகப் போன குடும்பநல மாதர் பல வருடமாகச் செய்த வேலை அந்த மாதங்களில் பலன் தந்தது. அதை எவரும் விழா எடுத்துக் கொண்டாடவில்லை என்று எங்களில் ஒருத்திக்கு இன்றும் குறை.

வருத்தக்காரப் பிள்ளைகளை நாம் மறந்துவிடுகிறோம். தொய்வு உள்ள பிள்ளை, வலிப்புக்குக் குளிசை எடுக்கும் பிள்ளை, இன்சுலின் போடும் பிள்ளை. வெள்ளத்தில் வீடு போகும்போது மருந்தும் போகும். திறந்த இன்சுலின் குளிர்சாதனப் பெட்டி இல்லாமலும் ஒரு மாதம் வரை இருக்கும், வெயில் படாமல் ஈர மண்பானைக்குள் வைத்தால். இன்ஹேலர் இருந்தும் மருந்தை உள்ளே இழுக்கத் தெரியாத சின்னப் பிள்ளைக்கு, அரை லீற்றர் பிளாஸ்ரிக் போத்தலின் அடியில் இன்ஹேலரின் வாய் இறுக்கமாகப் பொருந்தும்படி துளையிட்டு, போத்தல் வாயால் மூச்செடுக்கச் செய்யலாம். தென்னாபிரிக்காவில் சோதித்துப் பார்த்து, கடையில் வாங்கும் கருவிக்குச் சமமாக வேலை செய்கிறது என்று 1999 இலேயே எழுதிவிட்டார்கள். பதின்ம வயதுப் பெண்பிள்ளைகளுக்கு வேண்டியவற்றை இந்தச் சபைக்கு விளக்கத் தேவையில்லை. மலசலகூடத்துக்குப் போகும் வழியில் வெளிச்சமும், கதவுக்கு உள்கொண்டியும், துணிப்பொதியோடு அணையாடையும் வேண்டும். அவ்வளவுதான்.

யப்பானில் கமாய்ஷி என்றொரு கடற்கரைப் பட்டினம். 2011 மார்ச் 11 இல் அலை வந்தபோது அங்கே ஏறத்தாழ மூவாயிரம் பாடசாலைப் பிள்ளைகளில் அநேகமாக எல்லோரும் தப்பினார்கள். பக்கத்தில் பக்கத்தில் இருந்த இரண்டு பாடசாலைகளில், நடுநிலைப் பிள்ளைகள் ஆரம்பப் பிள்ளைகளின் கையைப் பிடித்துக்கொண்டு மேட்டுக்கு ஓடினார்கள். குறித்த இடம் போதாது என்று கண்டதும் இன்னும் மேலே ஓடினார்கள். பல வருடம் பழகியிருந்தார்கள். எங்களுக்கும் 2012 ஏப்ரல் 11 இல் எச்சரிக்கை வந்தது. நல்லவேளை, அழிக்கும் அலை வரவில்லை. ஓடினோம்தான். ஒரு பிள்ளையை யார் பிடிப்பது என்பது மட்டும் எங்களுக்குத் தெரிந்திருக்கவில்லை.

இனி நாங்கள் கேட்க வந்தது. நூற்றாண்டு நிதியில் வாசல் வளைவு ஒன்று கட்டுவதாக இருக்கிறது. நாங்கள் வளைவுக்கு எதிரிகள் அல்ல. எங்கள் பெயரும் அந்த நன்கொடைப் பட்டியலில் உண்டு. அதில் ஒரு சிறு பங்கை ஒதுக்கி, இந்தப் பாடசாலையின் ஒவ்வொரு பிள்ளைக்கும் ஓர் அட்டை எழுதித் தாருங்கள். முழுப்பெயர், வீட்டில் கூப்பிடும் பெயர், தாய் தகப்பன் பெயர், தவணைக்கு ஒரு தடவை நிறுத்த எடை, வருத்தமும் மருந்தும், ஒவ்வாமை. இன்னொரு வரியும் வேண்டும்: வேறு ஊரில் இருக்கும் ஒரு சொந்தக்காரர். 2004 இல் ஒரே தெருவில் அம்மம்மா, பெரியம்மா, மாமா என்று இருந்த குடும்பங்களை அலை ஒன்றாகவே கொண்டுபோனது. 2014 ஒக்ரோபர் 29 காலை கொஸ்லந்தை மீரியபெத்தையில் மலை சரிந்தபோது பாடசாலைக்குப் போயிருந்த பிள்ளைகள் தப்பினார்கள். அவர்களில் சிலருக்குத் திரும்பிப் போக லயமும் இல்லை, வீட்டாரும் இல்லை. அந்த நேரத்தில் பாடசாலையின் கையில் என்ன பட்டியல் இருக்கிறது என்பதில்தான் அந்தப் பிள்ளையின் அடுத்த நாள் தங்கியிருக்கிறது.

அட்டையின் ஒரு பிரதி வகுப்பாசிரியையிடம், ஒன்று அதிபர் அலுவலகத்தில் நீர்புகாத பையில், ஒன்று வீட்டில். வீட்டுப் பிரதியை எங்கே வைப்பது என்று எங்கள் தலைமுறைக்குச் சொல்லத் தேவையில்லை. பிறப்புச் சாட்சிப் பத்திரம், அடையாள அட்டை, காணி உறுதி எல்லாம் போட்டு அம்மா கட்டில் தலைமாட்டில் கொழுவி வைத்திருந்த றெக்சீன் பை எத்தனை பேருக்கு ஞாபகம்? ஓடச் சொன்னால் முதலில் எடுப்பது அதைத்தான். சமாதான காலம் வந்ததும் அந்தப் பையை நாம் கழற்றிவிட்டோம். பிள்ளையின் கிளினிக் பதிவேட்டோடு அந்தப் பையை மறுபடி கொழுவுங்கள் என்று கேட்கிறோம்.

தனியாக வரும் பிள்ளையின் படத்தை எடுத்து முகநூலில் போடவேண்டாம் என்பதையும் இங்கே சொல்லிவைக்கிறோம். எவரும் வந்து மாமா என்று நிற்கலாம். அட்டையைப் பார்த்து, பிள்ளை ஆளை அடையாளம் காண்கிறதா என்று பார்த்து, கையொப்பம் வாங்கித்தான் ஒப்படைக்கவேண்டும். சந்தேகமென்றால் 1929 சிறுவர் இலக்கம் இருக்கிறது. அம்புலன்ஸுக்கு 1990, அனர்த்த முகாமைத்துவ நிலையத்துக்கு 117. அதோடு பிள்ளையிடம் “என்ன நடந்தது, சொல்லு” என்று வருவோர் போவோரெல்லாம் கேட்கவேண்டாம். அன்று ஒரு சிறுமி ஒரே கதையை ஒரு நாளில் ஏழெட்டுப் பேருக்குச் சொன்னதை நாங்கள் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தோம். தடுத்திருக்கவேண்டும்.

பெரிய வகுப்புப் பிள்ளைகளே, ஆரம்பப் பிரிவில் ஒவ்வொரு பிள்ளைக்கும் உங்களில் ஓர் அக்கா வேண்டும். மணி அடித்தால் அந்தத் தங்கையின் கையைப் பிடிப்பது அவள் பொறுப்பு. வருடத்தில் இரண்டு தடவை ஓடிப் பழகவேண்டும். அதிபர் அவர்கள் சம்மதம் தந்திருக்கிறார்கள்.

கடந்த மாதம் தரம் ஒன்றில் தொடங்கிப் பார்த்தோம். பெயரென்ன என்று கேட்டால் பலர் வீட்டுப் பெயரைத்தான் சொன்னார்கள். தம்பிக்குப் பதிலாக இங்கே சின்னவள், பாப்பா, குஞ்சு. ஒரு பிள்ளைக்கு அம்மாவின் பெயர் தெரியவில்லை. அப்பா அம்மாவை எப்படிக் கூப்பிடுவார் என்று கேட்டோம். “இஞ்சாருங்க” என்றாள். அதையும் அட்டையில் எழுதி, பக்கத்தில் சரியான பெயரை அவளுடைய ரீச்சரிடம் கேட்டு எழுதினோம். இப்போது அவள் இரண்டையும் சொல்கிறாள்.

வெளிநாட்டில் இருந்து இந்த மலரை வாசிப்பவர்கள், தங்கள் வகுப்பு ஆண்டைக் குறிப்பிட்டுச் சங்கச் செயலாளருக்கு எழுதினால், எந்த வகுப்பின் அட்டைகளை நீங்கள் பொறுப்பேற்கலாம் என்று அறியத் தருவோம். இங்கே இருப்பவர்களுக்காக மண்டப வாசலில் வலப்பக்கம் மேசை போட்டிருக்கிறோம். அட்டைகளும் பேனாவும் அங்கே இருக்கின்றன. தராசும் இருக்கிறது. அது பிள்ளைகளுக்குத்தான், அக்காமார் பயப்படாமல் வரலாம்.